வாங்குமுன் லினக்ஸ் ஓட்டிப் பார்த்தேன்

நானாகவே கற்றுக்கொண்ட நிரலாக்கத்தால் கிடைத்த முதல் வேலையை வரும் திங்கட்கிழமை வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் கடலோரக் கிராமமான கீரியின் உப்புக்காற்றோ என் பழைய மடிக்கணினியின் திரையைத் தாங்கும் பிணைச்சல்களை அரித்துவிட்டது. ஆகவே இன்று மன்னார் நகரிலுள்ள கடையொன்றுக்குச் சென்றேன்.

கடைக்காரர் மெல்லிய, பளபளப்பான ஒன்றை நீட்டினார்.

“இதில லினக்ஸ் ஓடுதோ எண்டு பாத்துத்தான் வாங்குவன்” என்று, அந்த இலவச இயங்குதளம் பதிந்த என் பென் டிரைவை எடுத்தேன்.

“ஐயோ தங்கச்சி, வைரஸைக் கொண்டுவந்திடாதேங்கோ! மாப்பிள்ளை பாக்கிற மாதிரியெல்லோ சோதிக்கிறியள்.”

“மாப்பிள்ளையை இவ்வளவு சோதிக்கமாட்டன் அண்ணை. இதிலயெல்லோ நான் உழைக்கவேணும்.”

சிரித்தபடி அனுமதித்தார். மெல்லியதில் வைஃபை வேலை செய்யவேயில்லை. அடுத்து அவர் காட்டிய, ஏதோவொரு கந்தோரில் அலுவலர்கள் முன்பு பாவித்த தடித்த கறுப்பு மடிக்கணினியிலோ தமிழ் விசைப்பலகை உட்பட யாவும் இயங்கின. வேகமும் அதிகம், பிணைச்சல்களும் உறுதி. அதையே வாங்கினேன்.

புறப்படுகையில் அவர் மெதுவாகக் கேட்டார்: “தங்கச்சி, கடைக்கு உள்ளுக்க கொஞ்சம் பழைய கணினியள் எழும்பாமக் கிடக்கு. உந்த லினக்ஸ் அதுகளுக்கும் சரிவருமோ?”

நாளை வந்து பார்ப்பதாக வாக்களித்துள்ளேன்.

நண்பர்களே, கணினி வாங்கச் சென்று, கூடவே இன்னொரு வேலையையும் பெற்றுத் திரும்பியவர்கள் வேறு எவரேனும் உளரோ?