சூரியோதயம் வேண்டாம்

என் அண்ணன் சின்னையனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் எனக்கு இரண்டுக்கு மேல் ஓடாது. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். அவ்வளவுதான். இதற்கே ஊரில் அவனைத் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய மருதாத்தாளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவனைத் திட்டாமல் அவளைப் பற்றிப் பேச எனக்கு வரவில்லை.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். நான் நங்கையா என்று கூப்பிடுவேன்; அவள் என்னைப் பூவா என்பாள். எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்ததால் மீனாட்சிபுரத்துக்கு, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். எட்டாவது வரை படித்தவள் என்பதால் வீட்டுக்கு வரும் கடிதத்தை வாசிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலை.

நங்கையாளுக்குப் பொழுது காலை நாலு மணிக்கு விடியும். கட்டுத்தரையில் இரண்டு பசு, ஓர் எருமை. மூன்றும் அவள் கைக்குத்தான் பால் விடும். அண்ணனுக்குக் கறக்கத் தெரியாது. ஊரில் பாதி ஆம்பளைகள் கறக்கிறார்கள்; இவனுக்கு மட்டும் மடியில் கை வைத்தால் மானம் போய்விடும். நல்லேப்பிள்ளியில் நங்கையாளின் ஆத்தா செத்த அன்றைக்கும் அவள் காலையில் கறந்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். சாயங்காலக் கறவைக்குத் திரும்பி வந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு எருமைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவளிடம், “சித்தெ வெரசாக் கற புள்ள, பால் சொசைட்டி சாத்திருவாங்க” என்றான் என் அண்ணன். அன்றைக்கே அவன் தலையில் அந்தப் பால் செம்பைக் கவிழ்த்திருக்க வேண்டும். நான் கவிழ்க்கவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் மிருகாஸ்பத்திரி டாக்டரின் மனைவி தயிர் வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். புருஷனும் பெண்டாட்டியுமாகக் கன்னியாகுமரி போய் லாட்ஜில் தங்கிவிட்டு வந்த கதையை ஒரு மணி நேரம் சொன்னாள். மாடியில் அறை, ஜன்னலைத் திறந்தால் கடல், கட்டிலில் வெள்ளை விரிப்பு. அவள் போன பிறகு நங்கையா கட்டுத்தரைக்குப் போனாள். புண்ணாக்கை ஊற வைத்துக்கொண்டே கேட்டாள்.

“பூவா, காலைல ஒருத்தன் காப்பி கொண்டாந்து கதவைத் தட்டுவான்னு சொன்னாங்கல்ல?”

“ஆமாங் நங்கையா.”

“அதுவரைக்கும் நாம ஒறங்கிட்டே இருக்கலாமா?”

“இருக்கலாம். காசு குடுத்துத்தானே தங்கறோம்.”

“கடல் கெடக்குது போ. அதைய எங்க வேணாலும் பாத்துக்கலாம். நான் ஒறங்கிட்டு இருக்கறப்ப எவனாச்சும் வந்து காப்பி குடுத்து என்னைய எழுப்போணும். ஒரு நாளைக்கு. போதும்.”

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, இந்த வீட்டில் நான் குடித்த ஒவ்வொரு காப்பியும் அவள் போட்டது என்பது ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுபோனது.

ஆசைப்பட்டால் போதுமா? மாட்டை யார் கறப்பது? நங்கையா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சினைமாடு கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு பால் வற்றிவிடும். மூன்றும் ஒரே சமயத்தில் வற்றினால் அந்த நாட்களில் கறவையே இருக்காது; தீனியும் தண்ணீரும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். அதற்காக அவள் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து கணக்குப் போட்டாள். செவலைப் பசு முதலில் பருவத்துக்கு வந்து கத்தியபோது காதில் விழாத மாதிரி இருந்தாள். இருபத்தோரு நாள் கழித்து மறுபடி கத்தியது. அப்போதும் விட்டுவிட்டாள். எருமைக்கு முதலில் சினை பிடித்ததும், அது பத்து மாதம் சுமக்கும் என்று விரல் விட்டு எண்ணி, அதற்கேற்ப மற்ற இரண்டையும் சினை ஊசி போட மிருகாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். எழுபத்து நாலு மாசியில் மூன்றும் வற்றியிருக்கும் என்றாள். வற்றியிருந்தன.

அண்ணனிடம் கேட்டதற்கு, “போலாம் போலாம்” என்றான். நடக்கவா போகிறது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னான் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

டாக்டர் மனைவி சொன்ன லாட்ஜுக்கு நான் கார்டு எழுதினேன். சங்குமுத்து லாட்ஜ். ரொம்பப் பெரியதும் இல்லை, சத்திரம் மாதிரியும் இல்லை, நடுத்தரம். மாடியில் கடல் பக்கம் அறை உண்டு, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது. புருஷன், மனைவி, புருஷனின் தங்கை, மாசி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்து இரண்டு ராத்திரி தங்குகிறோம் என்று எழுதினேன். அதற்கும் பதில் வந்தது: அறை ஒதுக்கியாயிற்று, சூரியோதயம் பார்க்க எல்லா அறைகளிலும் விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டி எழுப்பிவிடப்படும்.

இதை வாசித்ததும் நங்கையாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அஞ்சரைக்கா? சூரியன் வர்றதைப் பாக்கறதுக்கு நான் அத்தனை தொலை போகோணுமா? இங்க கட்டுத்தரையில உக்காந்து தெனமும் பாத்துட்டுத்தான இருக்கறேன்? எழுது பூவா. எங்களுக்குச் சூரியோதயம் வேண்டாம். ஏழு மணிக்குக் காப்பி மட்டும் போதும்னு எழுது.”

அப்படியே எழுதிப் போட்டேன்.

வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணன் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து ஒரு கறவைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். கூடவே பத்து நாள் கன்று. வேளைக்கு நாலு படி கறக்குமாம். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நங்கையா வெளியே வந்து பார்த்தாள். பசுவைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நாளானைக்கு நாம போகோணுமுங்க.”

“மூணு வாரமா வரக்காப்பி குடிச்சு நாக்கே செத்துப்போச்சு புள்ள. தோட்டம் தொரவு இருக்கறவன் ஊட்ல பாலில்லீன்னா வந்து போற ஒறம்பரை சனம் என்ன நெனைப்பாங்க?”

“அப்ப கன்னியாகுமரி?”

“கடல் எங்க ஓடியா போகப் போவுது? அடுத்த வருசம் போய்க்கலாம். பூவா, லாட்ஜுக்காரனுக்கு வர்லீன்னு ஒரு கார்டு போட்டுரு.”

மூன்று வாரம் பாலில்லாத காப்பி குடித்தான். அதற்காக! இவள் ஒன்றரை வருஷம் மாட்டின் வயிற்றில் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நீயே கறந்துக்க அண்ணா. கொண்டாந்தவன் நீதானே,” என்றேன்.

அவன் சிரித்தான். கோபித்திருந்தாலாவது பரவாயில்லை. நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன் என்று சிரித்துவிட்டுக் கை கால் கழுவப் போனான். பொழுது சாய்ந்ததும் நங்கையா செம்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் புதுப் பசுவைக் கறந்தாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. இப்படி எல்லாவற்றுக்கும் செம்பைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால் அவன் ஏன் மாறப் போகிறான்?

புதன்கிழமை மத்தியானம் மாவாட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்: “பூவா, நாளைக்கு வெடியால பொள்ளாச்சி வரைக்கும் உன்னால நடக்க முடியுமா?”

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பசுவைக் கறந்து, பாலை அண்ணனின் காப்பிக்கென்று மூடி வைத்தாள். அதைக் கீழே கொட்டிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவள் விடவில்லை. பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். துணிப்பையும் கன்றுமாக நான் பின்னால். அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் சந்தை; ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தோம். அந்தப் பசுவை அண்ணனுக்கு முடித்துக் கொடுத்த தரகர் பெரியமுத்து எங்களைப் பார்த்துவிட்டார்.

“இது முந்தாநாள் சின்னைய கவுண்டர் ஓட்டிட்டுப் போன உருப்படியாச்சே?”

“ஆமாங்க. அதையேதான் விக்கோணும்.”

“கவுண்டர் எங்கெ?”

“ஊட்ல ஒறங்கறாருங்க.”

மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தரகரும் விற்கிறவரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். இந்த விரலுக்கு இத்தனை என்று அவர்களுக்குத் தெரியும். பெண்பிள்ளை யாரும் அந்தத் துண்டுக்குள் கை விட்டு நான் கேள்விப்பட்டதில்லை. பெரியமுத்து துண்டை எடுக்கவே இல்லை.

“ஊட்டு ஆம்பளையக் கூட்டியாங்க அம்மிணி. உங்ககிட்ட நான் எப்படிங்க கை போட்டுப் பேசறது?”

நங்கையா தன் வலது கையை நீட்டினாள். “மாட்டைக் கறக்கறது இந்தக் கைதானுங்க. இதைப் புடிச்சே பேசுங்க.”

சுற்றியிருந்த ஆம்பளைகள் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். யாரோ ஒருத்தன் காறித் துப்பினான். அவன் பக்கம் திரும்பி, “என்ன?” என்று நான் போட்ட சத்தத்தில் கன்று மிரண்டது. நங்கையா கையை மடக்கவில்லை. கடைசியில் பெரியமுத்து தோளிலிருந்து துண்டை எடுத்து இரண்டு கையையும் மூடினார். நாற்பது வயது வரை மாட்டுக் காம்பு பிடித்த கை அவளுடையது. நடுவில் ஒருமுறை அவர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். விலை அவருக்குப் பிடிக்கவில்லையா, விரல் வலித்ததா, தெரியாது. முடிந்தது. வாங்க வந்தவரிடம் அவர் பசுவைப் பிடித்துக் கொடுத்தார்.

நாங்கள் சந்தை வாசலுக்கு வரும்போது அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தான். சட்டைப் பித்தான்கூடப் போடவில்லை.

“மாடெங்கெ?”

“வித்தாச்சுங்க.”

“யாரைக் கேட்டு வித்தே? எவ்வளவுக்கு வித்தே?”

“துண்டுக்குள்ள பேசினதை வெளிய சொல்றதில்லீங்க.”

அத்தனை பேர் பார்ப்பதைக் கண்டு அவன் சட்டைப் பித்தானைப் போட ஆரம்பித்தான். நங்கையா, “பஸ் பன்னண்டு மணிக்குங்க. வர்றதுன்னா வாங்க,” என்றாள். உண்மையாகத்தான் கூப்பிட்டாள். அவன் மீசையைத் தடவினான், எங்களைப் பார்த்தான், மாடு போன திசையைப் பார்த்தான். பிறகு வந்த வழியே திரும்பிவிட்டான். போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மதுரை, திருநெல்வேலி என்று பஸ் மாறி மாறி வெள்ளிக்கிழமை காலை கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தோம். ஒரே கூட்டம், சங்கு விற்கிறவர்கள், போட்டோ பிடிக்கிறவர்கள், ஐந்தாறு பாஷை. சங்குமுத்து லாட்ஜில் மேனேஜர் மரியஜோசப் என்பவர் நோட்டைத் திறந்துவிட்டு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“கூட ஆம்பளை ஆளு யாரும் வரல்லியா?”

சண்டைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நோட்டில் பெயரைப் பார்த்துவிட்டார்.

“மீனாட்சிபுரமா? சூரியோதயம் வேண்டாம்ணு எழுதினது நீங்கதானா?” என்று சிரித்தார். “இருவது வருசத்துல ஒருத்தரும் அப்படி எழுதினதில்ல.” சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அறை டாக்டர் மனைவி சொன்ன மாதிரியேதான் இருந்தது. நங்கையா ஜன்னலில் நின்று கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்று பூராவும் சுற்றிவிட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்துக்கொண்டோம்.

விடியுமுன் நான் கண் விழித்தபோது அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“மணி என்னங் நங்கையா?”

“நாலு அடிச்சு ரொம்ப நேரம் ஆச்சு.”

“இன்னும் படுங்க. ஏழு மணிக்குத்தானே காப்பி.”

“வர்ல பூவா. கண்ணை மூடிப் பாத்தேன். திரும்பிப் படுத்துப் பாத்தேன். கையி என்னமோ செம்பைத் தேடுது. ஒரு மாடுமில்ல, ஒருத்தரும் கூப்பிடல, அப்பறமும் முழிப்பு வருது.” தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “என்ற ஒறக்கத்தையே எடுத்துட்டாங்கடி. இனி எங்க போயி அதைய வாங்கறது?”

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கோபத்தில் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். மடியில் இருந்த தலையணையை இரண்டு கையாலும் குத்தினாள். ஐந்தரைக்கு மற்ற அறைக் கதவுகளைத் தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. ஜன்னலில் சூரியன் வந்தது. அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

சரியாக ஏழு மணிக்குத் தட்டினார்கள்.

“அம்மா, காப்பி.”

நான் எழுந்தேன். நங்கையா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவசர அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். வெள்ளை விரிப்பைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“போயித் தொற,” என்று உள்ளேயிருந்து சொன்னாள். “நான் இன்னும் ஒறங்கறேன்னு சொல்லு. அவனையே எழுப்பச் சொல்லு.”