விசிலைத் தாண்டினால் ஒரு சிவப்புப் புள்ளி

“...விக்கத்தான் வந்திருக்கேன். ஆனா அந்தப் புள்ளிய மட்டும் இந்த வாட்டி தொடைக்கக் கூடாது. சம்மதமா தம்பி?”

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஈப்போ பழைய சாமான் சந்தையில் அப்போதுதான் என் பழைய ரேடியோக் கடை மேசையை விரித்திருந்தேன். எதிரே பாக்கியம் அக்கா. கைலியில் சுற்றிய சிற்றலை ரேடியோவை மேசைமேல் வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்காமல் நின்றார். எழுபதைத் தாண்டியும் விரல் நகங்களில் அதே சிவப்பு. கமுந்திங்கில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். “அலமாரில இதுக்கு எடமில்லம்மா” என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்வது? ‘இந்த வாட்டி’ என்று அவர் அழுத்திய அழுத்தம் எனக்குத்தான் தெரியும்.

கைலியை விலக்கியதும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையின் வாசம் வந்தது. நான் ரேடியோவைப் படித்தவன் இல்லை. பிரித்துப் பிரித்துக் கெடுத்துக் கற்றவன். பழைய பெட்டி கைக்கு வந்தால் முதலில் அதைக் கேட்க மாட்டேன், மோந்து பார்ப்பேன். பேட்டரி மூடிக்குள் புளித்த வாடை வந்தால், பேட்டரி கசிந்து கம்பியைத் தின்றிருக்கிறது. குலுக்கும்போது கடகடத்தால் பல்லி முட்டை, இல்லையென்றால் எவனோ தவறவிட்ட திருகு. டயலைத் திருப்பியதும் முள் சற்று யோசித்துவிட்டு நகர்ந்தால் உள்ளே நூல் தளர்ந்திருக்கிறது. ரப்பர் தோட்டத்துப் பெட்டி என்றால் இன்னோர் அடையாளமும் உண்டு: ஒலிபெருக்கித் துணியில் காய்ந்துபோன ஆயுத பூஜைச் சந்தனம். பால் வெட்டும் கத்திக்கும் வாளிக்கும் பொட்டு வைக்கிற கை, பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும் பெட்டியை மட்டும் விட்டுவிடுமா, நீங்களே சொல்லுங்கள். அந்தச் சந்தனத்தை ஊசியால் நோண்டி நோண்டியே என் கண்பார்வை பாதி போயிற்று.

இவ்வளவு தெரிந்தவன்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். தோட்டத்தை விற்றுவிட்டு தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்ன சமயம். அக்காவின் வீட்டுக்காரர், ஈப்போ அடுக்குமாடிக்குக் குடிவரும் வழியிலேயே, மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் இந்தப் பெட்டியை என்னிடம் விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். டயல் கண்ணாடியில் ஒரு சிவப்புச் சொட்டு இருந்தது. பெயின்ட் தெறித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். நகத்தால் சுரண்டி, பற்பசை போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கி வைத்தேன். எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாத குறை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் அக்கா வந்து நின்றார். பின்னால், பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வரப்பட்டவர்போல வீட்டுக்காரர்.

“புள்ளி எங்க?”

“அழுக்குன்னு நெனச்சேன்க்கா...”

“அழுக்கா? எனக்கு நம்பர் படிக்கத் தெரியாது தம்பி. இவரக் கேட்டா ‘ஒம்போதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல’ம்பாரு. கொழும்புத் தமிழு எங்க வருதுன்னு நானே தேடிப் புடிச்சு, நகத்துக்குப் போடுற சாயத்துல வெச்ச புள்ளி அது. அதான் என் இஸ்கூலு!”

வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்தார். “ஒரு வாரமா கொழம்புல உப்பு இல்ல. குடுத்துருங்க லா.”

வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டேன். நிலையத்தையாவது தேடித் தருகிறேன் என்று நிபுணன்போலத் திருகத் தொடங்கினேன். நான் திருகத் திருக, பெட்டி கொர்ரென்றது. அக்கா என் கையை விலக்கிவிட்டு ஒற்றை விரலால் டயலைத் தள்ளினார்.

“மொதல்ல சீனக் கூத்து வரும். அப்புறம் ஒரு விசிலு. விசிலத் தாண்டினா நம்மாளு.”

அப்படியே வந்தது. சீனக் கூத்து, விசில், அதைத் தாண்டித் தெளிவான தமிழ். அந்த இடத்திலேயே கைப்பையிலிருந்து நகப்பாலிஷை எடுத்துப் புள்ளி வைத்துக்கொண்டு போனார். ‘விசிலத் தாண்டினா நம்மாளு’ என்பதை அன்றிலிருந்து வாடிக்கைக்காரர்களிடம் என் சொந்தச் சரக்குபோல அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் இதைச் சொன்னதில்லை.

போன ஞாயிறு அதே பெட்டிக்குப் புது பேட்டரி போட்டு, முள்ளைப் புள்ளிக்குக் கொண்டுபோனேன். எண்ணெய் காய்கிற சத்தம் மட்டும். அக்கா கொழும்பைக் கேட்டுப் பல வருஷமாம். அது நின்றுபோனது அவருக்குத் தெரியாது. சிற்றலை நிலையங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள் என்று விளக்கினேன். கொழும்பு போயிற்று, சீனக் கூத்து போயிற்று, அந்த விசில்கூடப் போயிற்று. “எத்தனை பேண்ட் புடிக்கும்?” என்று கேட்டு வாங்க வந்தவர்களும் போய்விட்டார்கள். இப்போது வருகிறவர்கள் காப்பிக்கடைச் சுவரில் வைத்தால் அழகாக இருக்குமா என்றுதான் கேட்கிறார்கள்.

“பொட்டி நல்லாத்தான் இருக்குக்கா. அங்கதான் ஆளில்ல.”

“ஆளில்லன்னு நீங்க சொல்றீங்க. அழுக்குன்னும் நீங்கதான் சொன்னீங்க.”

ஒற்றை விரலால் டயலைத் தள்ளினார். இரைச்சல், மறுபடி இரைச்சல். திடீரென்று ஓர் ஆண் குரல். சீனமில்லை, மலாய் இல்லை; எந்த நாட்டுப் பேச்சோ. நடுவில் அந்த ஆள் லேசாகச் சிரித்தான்.

“சிரிக்கிறான் பாருங்க” என்றார் அக்கா. “மக அலமாரில எடம் பண்ணட்டும் லா.”

கைப்பையைத் திறந்தார். பழைய புள்ளிக்கு ஒரு விரற்கடை தள்ளிப் புதுப் புள்ளி வைத்து, காயும்வரை ஊதி, பெட்டியைக் கைலியில் சுற்றி இடுக்கிக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்.