சீவிப்போன நம்பர்

லைல் ருட்கோவ்ஸ்கி ஒரு இடத்தில் உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததில்லை. கோப்பையோடு நடப்பான். பாதி குடித்ததும் எங்காவது வைத்துவிட்டு, அதைத் தேடிக்கொண்டு மறுபடி நடப்பான். சாகினா நகரில் எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் அவன் வீட்டைக் கண்டுபிடிக்க எண் கேட்க வேண்டியதில்லை. முன்பக்கம் பச்சை, பக்கச்சுவர் பழைய அழுக்கு வெள்ளை. எந்த வருடம் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தான் என்று கேட்டால் அவன் மனைவி நோரீன், "அப்ப யாரு ஜனாதிபதின்னு கேளு, யோசிச்சுச் சொல்றேன்" என்பாள்.

ஸ்டியரிங் தொழிற்சாலையில் முப்பது வருடத்தில் பதினோரு பிரிவு மாறியவன் அவன். கெட்டவன் இல்லை, சோம்பேறியும் இல்லை. உடம்பில் எறும்பு ஊறுகிறவன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருடம் அவனைச் சகித்ததற்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

அவன் கேரேஜில் ஒரு செவெல் கார் நின்றது. 1970-இல் செய்தது, பெரிய இன்ஜின், நாலு கியர், சிவப்பு விளக்கு பச்சையாகும்போது நாலு வீடு தள்ளி ஜன்னல் அதிரும் வகை. 1988-இல் ஒரு விவசாயியின் கொட்டகையிலிருந்து அதை இழுத்து வந்தான். ஒரே மாதத்தில் கடைசித் திருகு வரை கழற்றி டப்பாக்களில் போட்டுவிட்டான். திரும்ப மாட்டுவது மட்டும் முப்பத்தொரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. கதவு மாட்டினான், பிடிக்கவில்லை என்று கழற்றினான். இருக்கைக்கு உறை போட்டான். இன்ஜினைப் புதுப்பித்து, பழைய போர்வையைப் போர்த்தி மூலையில் வைத்தான்.

நோரீனுக்குக் கைநடுக்க நோய் வந்து ஆறு வருடம். இப்போது மின்சார நாற்காலியில்தான் இருக்கிறாள். இன்ஷூரன்ஸ் நாற்காலிக்குப் பணம் கொடுக்கும், அந்த நாற்காலியை ஏற்றும் வண்டிக்குக் கொடுக்காது. அவளை லைலும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் பிக்கப் டிரக்கில் உட்கார வைக்க வேண்டும். போன அக்டோபரில் ஒருநாள் அப்படித் தூக்கும்போது அவள் செருப்பு கழன்று சாக்கடையில் விழுந்தது. "போதும். இனிமே நான் எங்கயும் வரல. மாவு மூட்டை மாதிரி என்னை யாரும் தூக்க வேணாம்" என்றாள். அதோடு சரி. இருபது வருடம் தேவாலயத்தில் தவக்கால வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு முட்டைக்கோஸ் நறுக்கியவள், இந்த வருடம் ஜன்னல் வழியாக மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பே சிட்டியில், நாற்காலியோடு ஏறச் சாய்தளம் வைத்த பழைய வேன் ஒன்று இருந்தது. இருபத்து நாலாயிரம் டாலர். குருத்தோலை ஞாயிறு வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார் விற்கிறவர். அன்று மாலையே லைல் என் வேலி ஓரம் வந்து நின்றான்.

"ஜெரோம், காரை விக்கப் போறேன்."

"குடிச்சிருக்கியா?"

"விலை போட ஆள் வரச் சொல்லிட்டேன்டா."

விலை போட வந்தவர் வென்டல். பழைய கார்களுக்கு மதிப்புச் சொல்வதே அவர் பிழைப்பு. கையில் டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடியும். லைல் ஒரு ஷூ பெட்டியை நீட்டினான். முப்பத்தொரு வருடத்து ரசீதுகள், கூட்டினால் நாற்பத்தோராயிரம்.

வென்டல் பெட்டியைத் திறக்கவே இல்லை. "இதை மூடி வை. இது உன் கதை. காரோட விலை இதுல இல்ல."

"அப்ப எதுல இருக்கு?"

"முடிச்ச கார் என்ன விலைக்குப் போகுமோ அதுல ஆரம்பி. முடிக்க ஆகுற செலவக் கழி. அப்புறம் வாங்குறவன் பயத்துக்கும் கழி. டப்பாக்குள்ள என்ன இல்லையோன்னு அவனுக்கு ஒரு பயம் இருக்கும்ல?"

லைல் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தான். டப்பாக்களைத் திறந்தான், மூடினான். ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் சீட்டு இருந்தது. வென்டல் காரின் தரைத்தகட்டைத் தட்டிப் பார்த்தார், பின்சக்கர அச்சில் இருந்த எழுத்தைப் படித்தார், தலையாட்டினார். எல்லாம் அந்தக் காரோடு பிறந்தவை. இன்ஜின் நம்பர் மட்டும் காரின் நம்பரோடு ஒத்துப்போனால் இருபத்தெட்டாயிரம் சொல்லலாம் என்றார். லைல் வீட்டுப் பக்கம் திரும்பி ஜன்னலில் இருந்த நோரீனுக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டான்.

வென்டல் போர்வையை விலக்கி, இன்ஜினின் முன்பக்க ஓரத்தில் டார்ச் அடித்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

"யாரு சீவுனது இதை?"

சீவியவன் நான்தான். அப்போது எனக்கு இன்ஜின் பட்டறை இருந்தது. 1993-இல் லைல் அதைக் கொண்டுவந்து, மேல்முகம் கண்ணாடி மாதிரி மட்டமாக வேண்டும் என்றான். முகத்தைச் சீவினால் அதன் ஓரத்தில் தொழிற்சாலை குத்திய நம்பரும் சேர்ந்து போய்விடும். பட்டறைக்காரன் எவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை அழகாக வந்தது என்று பெருமை வேறு பட்டேன்.

"நம்பர் இல்லாட்டி இது ஏதோ ஒரு இன்ஜின். பதினேழாயிரம். அதுக்கு மேல நான் எழுதித் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வென்டல் போய்விட்டார்.

மறுநாள் லைலின் பழைய தொழிற்சாலைத் தோழன் டுவேன் ஒரு மரப்பெட்டியோடு வந்தான். உள்ளே இரும்பில் எண் குத்தும் முத்திரைகள். "அந்தக் காலத்து எழுத்து மாதிரியே இருக்கும். அரை மணி நேர வேலை. பதினோராயிரம் உன் பாக்கெட்ல" என்றான். லைல் முத்திரைகளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். நானும் தடுக்கவில்லை. என் தப்பு மறைந்தால் எனக்கும் நல்லதுதானே.

நாற்காலியின் மோட்டார் சத்தம் கேட்டது. நோரீன் கேரேஜ் வாசலுக்கு வந்திருந்தாள்.

"டுவேன், பெட்டிய மூடு. பொய் நம்பர் அடிச்ச காசுல வாங்குற வண்டில நான் ஏற மாட்டேன். அதுக்கு இவங்க ரெண்டு பேரும் தூக்குறதே மேல்."

"அப்ப வேனுக்கு என்ன பண்றது?" என்று லைல் கத்தினான். "பதினேழுக்கு அரை வேன் குடுப்பானா?"

பதில் எனக்குத்தான் தெரியும், சொல்லத்தான் நாக்கு எழவில்லை. முழுதாக விற்றால் பதினேழு. உதிரி உதிரியாக விற்றால் இருபத்தைந்து தாண்டும். அந்தப் பின்சக்கர அச்சுக்கு ஒருவன், கியர்பாக்ஸுக்கு ஒருவன், பானெட்டுக்கு ஒருவன் என்று நாடு முழுக்க ஆள் காத்திருக்கிறான். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கார் உலகத்தில் இருக்காது. ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

லைல் வெளியே போய்த் தெருமுனை வரை நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி போனான். நாலாவது முறை வந்தபோது ஸ்பானரை எடுத்தான்.

எட்டு நாள் நானும் கூட நின்றேன். ஒஹாயோவிலிருந்து ஒருவன் வந்து பின்சக்கர அச்சை எடுத்துப்போனான். கனடாக்காரன் ஒருவன் இருக்கைகளை முகர்ந்து பார்த்து வாங்கினான். இன்ஜினை வாங்கினவன் வண்டியில் ஏற்றிவிட்ட அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"லைல், அன்னிக்குச் சீவும்போது நம்பர் போயிடும்னு எனக்குத் தெரியும்டா. சொல்லியிருக்கணும்."

அவன் காலி டப்பாவில் இருந்த சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தான். "எனக்கும்தான் தெரியும்."

"என்னது?"

"பாத்துட்டுத்தான் குடுத்தேன். காரை விக்கிறவன்தான் நம்பரைப் பத்திரமா வச்சுக்கணும். நான் சாகுற வரைக்கும் விக்கப் போறதில்லன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு வந்ததா தெரியாது, அடுத்த டப்பாவைத் தேடிப் போய்விட்டான். குருத்தோலை ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு, மிஞ்சிய வெறும் கூட்டை ஒரு டிரெய்லர் இழுத்துப் போனது. மொத்தம் இருபத்தையாயிரத்து நானூறு.

மறுநாள் வேன் வந்தது. சாய்தளம் இறங்கியது. லைல் நாற்காலியைத் தள்ளக் கை நீட்டினான். "கைய எடு" என்றாள் நோரீன். தானே ஏறினாள். இரண்டு முறை சக்கரம் ஓரத்தில் இடித்தது, மூன்றாவது முறை உள்ளே போய்விட்டாள். லைல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணாடியைத் திருப்பினான், இருக்கையை முன்னே தள்ளினான், பின்னே தள்ளினான். பிறகு இறங்கி வந்து டயரை உதைத்துப் பார்த்தான், வைப்பரைத் தூக்கிப் பார்த்தான்.

"பிரேக் ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கு நோரீன். நாளைக்கு ஒருதடவ கழட்டிப் பாத்துட்டு..."

"அந்தக் கார் முப்பத்தொரு வருஷம் நின்னுச்சு லைல்," என்றாள் உள்ளிருந்து. "நான் அவ்வளவு நாள் இருக்க மாட்டேன். ஏறி ஓட்டு."

அவன் ஏறினான். ஓட்டினான்.