திட்டில் சொன்ன சேதி

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தி எல்லாம் தண்ணிக்குள்ளே கிடக்கும். அந்த மாசங்களில் நான் உப்பங்கழியில் நண்டு வலை போடுவேன். கழிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு இருக்குது. குடியிருப்பு இல்லை. சவுக்கும் முள்ளும்தான். படகில்தான் போகணும்.

போன மழை ஓய்ந்த சமயம் புதுச்சேரியிலிருந்து ஒரு வாத்தியார் போன் பண்ணினார். முன்னே என் படகில் வந்து பறவை பார்த்துவிட்டுப் போனவர். அவரிடம் படிக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாளாம். ஒரு வாரம் திட்டைச் சுற்றிப் பார்க்கணுமாம். தங்க இடம் கிடைக்குமா என்றார். எங்களுடையது சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த வீடு. உள்ளறையில் கிடந்த வலையை வெளியே போட்டுவிட்டு இடம் கொடுத்தோம்.

வந்தாள். நல்ல உயரம். வெயில் பட்டு மூக்கு சிவந்திருந்தது. தமிழ் பேசினாள், பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி. என்னை அண்ணா என்றாள், என் பெண்சாதியை அக்கா என்றாள்.

காலையில் படகு எடுப்போம். திட்டின் கடல் பக்கம் அவள் வரிசையாகக் குச்சி ஊன்றுவாள். மறுநாள் போய், கடல் எவ்வளவு மணலைத் தின்றிருக்கிறது என்று பார்ப்பாள். நான் கழிப் பக்கம் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம்தான் டவர் கிடைக்கும். கடல் பக்கம் போனால் போன் செத்துப்போகும்.

ஊரில் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை.

"டேய், இனிமே எங்க நண்டையெல்லாம் உன் படகுல ஏத்துவியா, இல்ல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தானா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

என் பெண்சாதி அவளையே கேட்டாள்: "ஏண்டி, மணலைப் பார்க்கவா இம்மாந்தூரம் வந்தே? உங்க ஊர்ல மணல் இல்லியா?"

"இருக்கிறது அக்கா. ஆனால் நண்டுக் குழம்பு இல்லை."

அதற்கப்புறம் அவளுக்குத் தட்டில் சோறு குறைந்ததே இல்லை.

வியாழக்கிழமை காலையில் நான் படகில் இருந்தேன். அவள் கடல் பக்கம் போயிருந்தாள். வாத்தியார் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"ஏம்பா, அந்தப் பொண்ணு போனு போகவே மாட்டேங்குது. அவங்க அப்பாவுக்கு ரொம்ப முடியல. மூச்சு மெஷின்ல வெச்சிருக்காங்க. கொஞ்ச நேரத்துல எடுத்துடப் போறாங்க. அவரால பேச முடியாது. ஆனா காதுல போன வெச்சா கேக்கும்னு டாக்டர் சொல்றாராம். அவங்க அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. பக்குவமா சொல்லுப்பா."

சரி என்று வைத்தேன். என் பெண்சாதிக்குப் போட்டேன். சொன்னேன்.

"வாயத் தொறக்காத," என்றாள். "மொதல்ல கூட்டிக்கிட்டு வா. காலையில ஒரு டீதான் குடிச்சுட்டு வந்திருக்கா. ரெண்டு வாய் சோறு துன்னட்டும். நானே சொல்லிக்கிறேன்."

எங்கள் பக்கம் அப்படித்தான். கெட்ட சேதியை வெறும் வயிற்றில் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் அப்புறம் எப்போ சோறு இறங்கும் என்று தெரியாது. அதனால் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார வைத்து, சாப்பிட வைத்து, கை கழுவினதுக்கப்புறம் சொல்வார்கள். என் பெண்சாதி சொன்னதில் தப்பில்லை. அவள் அந்தப் பெண்மேல் பிரியம் வைத்திருந்தாள்.

என் அப்பா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் உப்பளத்தில் இருந்தேன். மாமா சைக்கிளில் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். நான் தின்று முடிக்கிற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான், "அப்பா உன்னையே கேட்டுக்கிட்டு இருக்காருடா," என்றார். நான் போய்ச் சேரும்போது முகத்தை மூடியிருந்தார்கள். மாமாமேல் எனக்குக் கோபம் கிடையாது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

திட்டிலிருந்து வீட்டுக்குப் போக நேரம் ஆகும். அன்றைக்குக் காற்று எதிரே அடித்தது. படகு நகராது. போய், உட்கார்ந்து, சாப்பிட்டு. அதற்குள் மெஷினை எடுத்துவிடுவார்கள்.

எழுந்தேன். சவுக்கைத் தாண்டி நடந்தேன். அவள் மணலில் முட்டி போட்டுக்கொண்டு குச்சியை அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அந்தப் பக்கம் போகிற ஆள் இல்லை. அதனால் சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்கப்பாவுக்கு ரொம்ப முடியல. மெஷினை எடுக்கப் போறாங்க. இப்போ பேசினாதான் உண்டு. படகுகிட்ட டவர் இருக்குது. வா," என்றேன்.

பக்குவம் எல்லாம் எனக்கு வராது.

"அவர் இறந்துவிட்டாரா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் யாரும் அந்த வார்த்தையை அப்படி நேராகக் கேட்க மாட்டார்கள்.

"இன்னும் இல்ல."

ஓடினாள். முள்ளில் கால் பட்டது. நிற்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் படகு ஓரம் முழங்கால் தண்ணியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது. திரும்பி நின்றுகொண்டேன். ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் ஒரு தரம் சிரித்தாள். அப்புறம் ஏதோ மெதுவாகப் பாடினாள். அப்புறம் சத்தம் இல்லை. நான் திரும்பவில்லை.

படகு ஆடியது. ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் கோலை ஊன்றிப் படகைத் தள்ளினேன்.

என் பெண்சாதி கரையில் நின்றாள். அந்தப் பெண் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டியா? அம்மாந்தூரம் தண்ணியில வெச்சு, பொம்பள ஒருத்திகூடப் பக்கத்துல இல்லாம, சொல்லிட்டியா? நீ மனுசனா?"

படகைக் கட்டினேன். அவள் அந்தப் பெண்ணைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். சோறு போட்டாள். அந்தப் பெண் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு பருக்கை இறங்கவில்லை. "பாத்தியா," என்றாள் என் பெண்சாதி, என்னைப் பார்த்து. அதற்கப்புறம் என்னிடம் பேச்சில்லை.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் அப்பா போய்விட்ட சேதி வந்தது. தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அவள் அப்பா யார் என்று தெரியாது. இருந்தாலும் அழுதார்கள். அவளும் அப்போதுதான் அழுதாள். அவர்கள் ஊரில் ஒரு வாரம் வைத்திருந்துதான் அடக்கமாம். அதனால் போய்ப் பார்த்துவிடலாம். அது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

விடிந்ததும் வாத்தியார் கார் அனுப்பினார். சாவு சேதி விழுந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. எழுந்து போய்விடணும். அவளுக்கு அது எப்படித் தெரியும். கை கூப்பி, "போயிட்டு வரேன் அக்கா," என்றாள். தெருவே அப்படியே நின்றது. என் பெண்சாதி வாயைத் திறந்தாள், மூடினாள்.

"வா," என்றாள்.

கார் ஈ.சி.ஆர். பக்கம் திரும்பியது. நாங்கள் வீட்டுக்குள் வந்தோம். என் பெண்சாதி உள்ளறையைக் கூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"பேசினாளா?"

"பேசினா."

"அந்தாளுக்குக் கேட்டுச்சாமா?"

"தெரியல. மூச்சு விடுற சத்தம் இவளுக்குக் கேட்டுச்சாம். ராத்திரி போன்ல வாத்தியார்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தா."

அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள். வெளியே கிடந்த வலையை நான் தூக்கினேன். மறுமுனையை அவள் பிடித்தாள்.