இருட்டாக இருந்திருக்க வேண்டிய படம்

திரையில் அந்த நீலப் புள்ளிகளைப் பார்த்ததும் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இப்போது நானும் நாலு பேருக்குப் பாடம் சொல்கிறேன். ஆனால் நீலமாக எது மின்னினாலும் முதலில் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் எங்கள் ஆய்வகம். சார் என் ஆராய்ச்சி வழிகாட்டி. செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. மீது செல்லே சிறுசிறு வேதிக் குறிகளை இட்டுவைக்கும். செல்லை உடைக்காமல், அந்தக் குறிகளை மட்டும் ஒளிரவைத்துப் படமெடுக்க சார் பல வருடமாக ஒரு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். சரிபார்ப்பதற்காக, குறியிடும் நொதியையே நீக்கிய செல்களையும் படமெடுப்போம். குறியே இல்லாததால் அந்தப் படம் இருட்டாக இருக்க வேண்டும். அதுவும் நீலமாக மின்னியது. திட்டத்தைத் தொடரலாமா என்று முடிவுசெய்ய மறுநாள் நிபுணர் குழு வருகிறது.

"எம்புட்டுத் தடவ கழுவியாச்சு, பொறவும் மின்னுதே" என்று சார் முனகினார்.

மறுநாள் காலை இராஜபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் எனக்குத் துணியின் ஞாபகம் வந்தது. செல்களை வைக்கும் கண்ணாடிச் சில்லைத் துடைக்கும் தாள் தீர்ந்துபோனதால், என் மாமாவின் பேண்டேஜ் யூனிட்டில் கழித்துப்போட்ட துணி ரோலைக் கொண்டுவந்து துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ரிஜெக்ட் துணி நுழையாத வீடு கிடையாது. சைக்கிள் முதல் சாமி படம் வரை அதில்தான் துடைப்போம். ஏன் கழித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, அதுல வெளுப்பு மருந்து ஒட்டிக்கிடுச்சு. யூவி லைட்டுல வச்சா நீலமா மின்னும். ஆஸ்பத்திரிக்கு ஆகாதுன்னுதான ஒதுக்குனோம்" என்றார்.

ஆய்வகத்துக்கு யாரும் வருவதற்கு முன் போய் அந்தத் துணியின் ஒரு இழையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். அதே நீலம். உதிர்ந்த தூசியெல்லாம் அச்சு அசலாக எங்கள் புள்ளிகள்.

குழு வர அரை மணி நேரம் இருந்தது. சார் திட்டுகிறவர் அல்ல. தப்புச் செய்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதற்கே பயந்தேன். நான் கோழை, வேறு சொல் இல்லை. வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, சார் அந்தப் படத்தையே முதலில் போட்டார். "இதுவும் மின்னுது. ஏன்னு எனக்குத் தெரியல" என்றார்.

"அப்படியென்றால் உங்கள் முறையை எதை வைத்து நம்புவது?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

சார் படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தார். கேள்விக்கான பதில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் இருந்தது. ஒரு வாரத்தில் திட்டத்தை நிறுத்திவிட்டதாகக் கடிதம் வந்தது.

கடிதம் வந்த மத்தியானம் அவர் மருந்துப் புட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். துணி, மாமா, வாயைத் திறக்காத அந்த அரை மணி நேரம், எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். கையிலிருந்த புட்டியை மேசையில் வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ நம்ம முறை சரிதானாம்மா?" என்று கேட்டார்.