கருங்கல் வரிசைக்கு மேற்கே

எரிமலை என்றால் மலை வெடித்து நெருப்பைக் கக்குவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கக்காமல் போனதும் உண்டு. பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் குழம்பு ஒரு வெடிப்பைப் பிடித்து மேலே ஏறும். தரையைத் தொடுவதற்குள் சூடு தணிந்து, ஏறின இடத்திலேயே இறுகிவிடும். சுற்றியுள்ள வெள்ளைப் பாறைக்கு நடுவே கருங்கல் சுவராக நிற்கும். நிலவியலில் அதற்கு டைக் என்று பெயர். திருவாலங்காட்டுக்கு மேற்கே எங்கள் மேட்டு நிலத்தின் நடுவில் அப்படி ஒரு சுவர் இருந்தது. அதை வைத்துத்தான் என் தம்பியை ஏமாற்றினேன்.

அறுபதுகளில் எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். சென்னையில் நிலவியல் படித்தேன். நான் படிப்பதற்காகத் தம்பியை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி ஏர் பிடிக்க விட்டார் அப்பா. விடுமுறைக்கு வரும்போது என் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு அவன் ரயிலடியிலிருந்து நடப்பான். நான் வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் வருவேன். அது எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

மூன்றாம் ஆண்டில் எங்களை ஒரு குன்றுக்கு அழைத்துப் போய் டைக்கைக் காட்டினார்கள். நிலத்தடி நீர் சரிவில் இறங்கி வரும்போது இந்தச் சுவரில் முட்டி, ஏரிக்கரையில் நிற்பது போல நின்றுவிடும் என்றார் பேராசிரியர். மேல்பக்கம் தோண்டினால் இருபது அடியில் ஊற்று. கீழ்ப்பக்கம் தோண்டினால் கல்லும் தூசியும்தான். எனக்கு உடனே எங்கள் நிலம் ஞாபகம் வந்தது. வடக்கிலிருந்து தெற்காக வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கற்கள். அப்பா உட்கார்ந்து வெற்றிலை போடும் கல்லும் அதில் ஒன்று. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. ஊருக்கு வந்ததும் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்பா இறந்தபோது ஊருக்குள் மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டார் போடலாம் என்று ஆளாளுக்குக் கிணறு வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்களுக்குப் பாகப்பிரிவினை.

அண்ணன் பங்கு பிரிப்பான், தம்பி முதலில் எடுப்பான். பிரிக்கிறவன் கள்ளத்தனம் பண்ணக் கூடாது என்பதற்காக எங்கள் பக்கத்தில் வைத்திருந்த வழக்கம் அது. நான் கருங்கல் வரிசையையே எல்லையாக வைத்தேன். கிழக்கே வண்டிப் பாதையை ஒட்டிய செம்மண், இரண்டு புளியமரம். மேற்கே சரளை, முள். எந்தக் குருடனும் கிழக்கைத்தான் எடுப்பான். “படிச்ச புள்ள, நல்லத தம்பிக்குன்னு வச்சிக்கீது பாரு” என்று பெரியவர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

தம்பி கூசிப்போனான். “அண்ணா, ரோட்டுப் பக்கம் நீ எடுத்துக்கோ. முள்ளு வெட்டி எனக்குப் பழக்கம்தான்” என்றான்.

அவனுடைய நல்ல குணத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. “வழக்கத்த மாத்தாத. நைனா இருந்தா இத ஒத்துக்குவாரா?” என்று கேட்டேன். செத்துப் போனவரை இழுத்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. கிழக்கை எடுத்துக்கொண்டான்.

அடுத்த கோடையில் நான் கிணறு வெட்டினேன். பதினெட்டாவது அடியில் ஊற்று பீறிட்டது. தம்பிதான் முதல் ஆளாக இறங்கி அந்தச் சேற்றை அள்ளித் தலையில் பூசிக்கொண்டு சிரித்தான். அப்புறம் தன் நிலத்தில் தோண்டத் தொடங்கினான். அண்ணன் கிணற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் தோண்டுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் ஊற்று கிடைக்கும் என்பது அவன் கணக்கு. எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எல்லையை ஒட்டி, அந்தச் சுவர் மேலேயே போய் முட்டினான். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது அடி போன பிறகு ஒரு துண்டுக் கல்லை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். வேட்டியெல்லாம் கல் தூசி. “நீ படிச்சவன். இது இன்னா கல்லுன்னு பாத்து சொல்லு. தண்ணி கீதா, இல்ல உட்டுடலாமா?” என்றான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் அன்றே நிறுத்தியிருப்பான். ஆனால் பங்கு பிரித்த கதையும் வெளியே வந்திருக்கும். கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நாக்கால் கூடத் தொட்டுப் பார்த்தேன். “நல்ல கல்லுதான். இதுக்குக் கீழதான் தண்ணி நிக்கும். இன்னும் போ” என்றேன்.

அவன் இன்னும் போனான். வேட்டு வைத்துத் தகர்த்தான். அவன் மனைவியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. ஒருநாள் வெடிக்காத வேட்டை எட்டிப் பார்க்கப் போய் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அறுபத்தைந்தாவது அடியில் நிறுத்திவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் தொழிற்சாலை ஒன்றில் கூலிக்குச் சேர்ந்தான். உலைக்குப் பக்கத்தில் வேலை. மாதம் ஒருமுறை ரயிலேறி வருவான். ஒவ்வொரு தடவையும் இன்னும் கருத்திருப்பான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தான். என் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்து என் முன்னால் வைத்தான். ஒன்று அவன் கிணற்றுக் கல். இன்னொன்று உலைக் கசடு.

“உருகின கசட ஊத்துவாங்க. ஓரம் சீக்கிரம் ஆறிடும், நைசா இருக்கும். நடுவுல மெதுவா ஆறும், கல்லு உப்பாட்டம் பெரிசு பெரிசா இருக்கும்” என்றான். மூன்று விரல்களால் கிணற்றுக் கல்லைத் தொட்டான். “இதுவும் அப்பிடித்தான் கீது. வெள்ளப் பாறைய ஒட்டி நைசு, உள்ள போகப் போகப் பெரிசு. கொதிச்சிக்கினு வந்து நின்ன கல்லு. செவுராட்டம் நிக்குது. அதான் தண்ணி உன் பக்கமே நின்னுடுச்சி. உனக்கு அப்பவே தெரியுமா அண்ணா?”

ஐந்தாம் வகுப்புப் படித்தவன். எனக்கு மூன்று வருடம் ஆயிற்று அதைக் கற்றுக்கொள்ள.

“தெரியாதுடா” என்றேன்.

தலையாட்டினான். முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது. “எங்க சூப்பர்வைசர் கையில காட்னேன். எரிமல வெளிய கக்கினதுன்னு சொன்னாரு” என்றான்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது, அன்றும் பொறுக்கவில்லை. “கக்கினது இல்லடா. கக்கியிருந்தா சட்டுனு ஆறிடும், நடுவுல இவ்ளோ பெரிசா வராது. மேல வராம வெடிப்புக்குள்ளயே நின்னு ஆறினது இது” என்றேன்.

“அதுக்குப் பேரு கூட கீதா?”

“டைக்.”

அந்தச் சொல்லை அவன் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிறகு தன் இடது கையைப் பார்த்தான். “நாப்பது அடியில கல்லு எடுத்தாந்து காட்னேனே, அன்னிக்கும் இந்தப் பேரு தெரியுமா?” என்று கேட்டான்.

நான் உலைக் கசடை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன் காத்திருந்தான். பிறகு எழுந்து, கற்களை எடுக்காமல், வெயிலில் ரயிலடியை நோக்கி நடந்தான். தூரத்திலிருந்து வந்தவன். செம்புத் தண்ணீரை அவன் தொடவே இல்லை. அது என் கிணற்றுத் தண்ணீர்.