தொட்டிக்குள்ள ஒரு மூச்சு

இது கட்டுக்கதைன்னு நெனைக்கிறவங்க இங்கயே நிறுத்திக்கலாம், எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. அருணாதேவியும் நானும் திருவண்ணாமலையில ஒரே தனியார் ஆஸ்பத்திரியில வேல பாத்தோம். நான் நர்ஸு. நடந்தது ராத்திரியில இல்ல, பட்டப்பகல்ல. அதான் எனக்கு இன்னும் ஜாஸ்தி பயம்.

வயித்துக்குள்ள விட்டுப் பாக்கற எண்டோஸ்கோப்பி குழாய ஒவ்வொரு ஆளுக்கும் அப்புறம் கழுவி, கிருமி கொல்ற மருந்துல ஊறப்போட்டு, காயவெச்சிக் குடுக்கறது அருணாதேவி வேல. இருபது நிமிஷம் ஊறணும். கம்மியானா உள்ள இருக்கற கிருமி சாவாது, அடுத்த ஆளு ஒடம்புக்குப் போயிடும்.

பித்தக்குழாய் கல்லு எடுக்கற டாக்டர் சகாதேவன் வியாழக்கெழம மட்டும் வெளியூர்லருந்து வருவாரு. அவருக்குன்னு இருந்தது ஒரே குழாய். அந்த வியாழன் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல ரோட்ட அடைக்கறதுக்குள்ள கெளம்பணும்னு அவரு ஒத்தக்கால்ல நின்னாரு. கடைசி ஆளு கீழ்பென்னாத்தூர் பச்சையம்மாள். அவங்களுக்கு முன்னாடி குழாய் ஊறினது அஞ்சே நிமிஷம். அருணாதேவி ரிஜிஸ்டர்ல இருபதுன்னு எழுதிட்டா. யாருக்கும் தெரியாது. ஆனா அவளுக்கு ஒரு வாரமா சோறு எறங்கல, பாவம்.

அடுத்த வியாழன். மொத ஆளு முடிஞ்சிது. ரெண்டாவது முருகையன்னு ஒரு ஆட்டோக்காரரு, பட்டினியா பெஞ்சுல உக்காந்திருந்தாரு. மணி 11.31. குழாய்ல ஓட்டை இருக்கான்னு தண்ணித் தொட்டியில முக்கி, காத்து ஏத்திப் பாத்தா அருணாதேவி. சைக்கிள் டியூபு பாக்கற மாதிரிதான். ஓட்டைன்னா குமிழி வரும்.

வரல. பம்ப கழட்டினா.

ப்ளக்...

காத்து ஏத்தினப்ப வராதது, எறக்கினப்புறம் எப்பிடி வரும்? மறுபடி மாட்டினா. நின்னுச்சி. கழட்டினா.

ப்ளக்... கொஞ்சம் சும்மா இருந்துச்சி... ப்ளக்...

கடிகாரத்தப் பாத்து எண்ணினா. நிமிஷத்துக்குப் பதினாலு. திரும்ப எண்ணினா. அதே பதினாலு.

11.40க்கு, டாக்டர் சீக்கிரம் கேக்கறாருன்னு சொல்ல நான் உள்ள போனேன். அவ தொட்டியக் காட்டினா. சத்தியமா சொல்றேன், எனக்கு ஒரு குமிழியும் தெரியல. தண்ணி ஆடாம அசையாம இருந்துச்சி. என்னடி முழிக்கிறன்னு கேட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

அவ தண்ணிக்குள்ள கைய விட்டா. பச்சத் தண்ணி, சில்லுன்னு இருந்துச்சாம். குழாய் நுனி மட்டும் வெதுவெதுன்னு...

11.46.

ப்ளக்...

அப்புறம் வரல.

கதவுகிட்ட டாக்டர்.

"இன்னும் ஊறவே போடலயா? அஞ்சு நிமிஷம் போட்டுக் குடும்மா."

"குடுக்க மாட்டேன் சார்."

"என்ன?"

"போன வாரமும் அஞ்சு நிமிஷந்தான் போட்டேன். ரிஜிஸ்டர்ல இருக்கறது பொய். இத இனிமே யாருக்கும் விடாதீங்க."

வேல போயிடும்னு தெரிஞ்சேதான் சொன்னா. போயிடுச்சி. முருகையன வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பின்னாடி கம்பெனி ஆளு வந்து குழாய அக்கு அக்கா பாத்துட்டு, ஓட்டை ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தாரு.

வேல போன அன்னிக்கி சாயங்காலமே பச்சையம்மாள பாக்கணும்னு அருணாதேவி பஸ் ஏறினா. தனியா விட மனசில்லாம நானும் போனேன். வீட்டு வாசல்ல பந்தல் போட்டிருந்தாங்க.

ரத்தத்துல கிருமி ஏறி, வேலூர்ல அஞ்சு நாளா மிஷின் மூச்சுலதான் வெச்சிருந்தாங்களாம். அன்னிக்கிக் காலையில 11.46க்கு எல்லாம் முடிஞ்சிட்டதா மக கவிநிலா சொல்லி அழுதுச்சி.

அருணாதேவி ஒண்ணே ஒண்ணு கேட்டா. அந்த மிஷின் நிமிஷத்துக்கு எத்தினி மூச்சு குடுத்துச்சின்னு.

அஞ்சு நாளும் அம்மா பக்கத்துல அந்தத் திரையவே பாத்துக்கிட்டு இருந்த பொண்ணு. யோசிக்காம சொல்லிச்சி.

"பதினாலு அக்கா."